மின்சாரம் கேட்காத குளிர்பதனப் பெட்டி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

குளிர்பதனப் பெட்டி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது மின்சாரத்தால் இயங்கும் இரும்புப் பெட்டியே ஆகும். ஆனால் களிமண்ணும் நீரும் மட்டுமே கொண்டு, காய்கறிகளைச் சில நாட்கள் வாடாமல் காக்கும் பெட்டி ஒன்று நம் நாட்டிலேயே உருவாகியுள்ளது. அதனை உருவாக்கியவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாத ஒரு மண்பாண்டத் தொழிலாளர்!

பெட்டி பிறந்த கதை

குஜராத் மாநிலம் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி, மண்ணால் ரொட்டி சுடும் கல்லும் நீர் வடிகட்டியும் செய்து விற்று வந்தவர். 2001 ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தை நிலநடுக்கம் உலுக்கியது. அப்போது ஒரு நாளிதழ் உடைந்த பானையின் படத்தை வெளியிட்டு, ஏழையின் குளிர்பதனப் பெட்டி உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தது. அது அவர் சிந்தனையைத் தூண்டியது. பலவாறு முயன்று, 2005இல் 'மிட்டிகூல்' என்னும் மண் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். மேலறையில் நீர் ஊற்ற வேண்டும். கீழறைகளில் காய்கறி, பால் முதலியவற்றை வைக்கலாம்.

இயங்கும் விதம்

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கசியும் நீர் வெளிப்பரப்பை அடைந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் தேவை. 30 டிகிரி செல்சியஸில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். இதையே உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் படிக்கிறோம். இவ்வெப்பத்தில் ஒரு பகுதி பெட்டியிலிருந்து எடுக்கப்படுவதால் உட்புறம் குளிர்கிறது. நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்வாறே.

பானைக்குள் பானை

இதே தத்துவத்தை நைஜீரிய நாட்டு ஆசிரியர் முகமது பா அப்பா இன்னும் எளிமையாகப் பயன்படுத்தினார். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி நனைத்து, ஈரத்துணியால் மூடினார். மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் இதில் 27 நாட்கள் வரை இருந்ததாம். 2000ஆம் ஆண்டில் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது.

என் தாயார் சந்தையில் காய்கறி விற்பவர். மாலையில் மீந்த தக்காளியை, மறுநாள் தாங்காது என்பதற்காகவே கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். அத்தகையோருக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைப்பதே பெரும் பொருள் என்பதை நான் அறிவேன்.

எங்கே பயன்படும்?

ஆயினும் இது எல்லா ஊருக்கும் ஏற்றதன்று. ஆவியாதலால் மட்டும் கிடைக்கும் குளிர்ச்சி, ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே செல்லாது. காற்று 35 டிகிரியில் இருக்கும்போது ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காடானால் அவ்வெல்லை சுமார் 22 டிகிரி. 80 விழுக்காடானால் சுமார் 32 டிகிரி. எனவே வறண்ட உள்நாட்டு ஊர்களில் நன்கு பயன்படும் பெட்டி, கடலோரத்துப் புழுக்கத்தில் அவ்வளவாகப் பயன்படாது. வறண்ட ஊரிலோ ஊற்றுவதற்கு நீர் கிடைப்பது அரிது என்பதையும் மறக்கலாகாது.

மேலும், இதில் பனிக்கட்டி உறையாது. மீன், இறைச்சியைப் பல நாள் வைக்க இயலாது. வெளிப்புறத்தில் வண்ணம் பூசினால் நுண்துளைகள் அடைபடும். காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும்.

நமது கடமை

நம் ஆய்வுக்கூடத்து ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைச் செய்முறைத் தேர்வுக்கு மட்டுமே நாம் தொடுகிறோம். கோடை விடுமுறையில் அவரவர் ஊரில் இவ்விரண்டையும் அளந்து பார்த்தால், அங்கே மண் பெட்டி பயன்படுமா என்று விலைகொடுத்து வாங்குமுன்னரே சொல்லிவிடலாம். இரண்டு பானையும் ஒரு கூடை மணலும் கொண்டு செய்தும் காட்டலாம். எழுத்தறியாப் பெற்றோரின் உழைப்பால் கல்லூரிக்கு வந்துள்ள நாம், கற்ற அறிவியலை அவர்கள் வாழ்வுக்குப் பயன்படச் செய்வோமாக!