வண்டுப் பொறி விளக்குக்கு ஏற்ற வோல்ட் உயர்த்தி

தென்னை விளைகள் நிறைந்த தேங்காய்ப்பட்டணம் பகுதியில், மழை தொடங்கும் காலமே காண்டாமிருக வண்டு பறந்து வரும் காலமும் ஆகும். விரியாத குருத்தை வண்டு துளைத்துத் தின்பதால், பின்னர் விரியும் ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாகக் காணப்படும். இளங்கன்றுகளில் குருத்தே மடிந்துபோவதும் உண்டு. முதல் மழைக்குப் பின் விளக்குப் பொறி வைத்து வண்டுகளைக் கவர்ந்து அழிப்பது நல்ல முறை.

மின்கம்பி எட்டாத விளைகளில் பேட்டரிதான் துணை. ஆனால் பொறி விளக்கு 12 வோல்ட், சிறிய லித்தியம் செல் 3.7 வோல்ட். இவ்விரண்டையும் இணைக்க 'பூஸ்ட் கன்வர்ட்டர்' எனப்படும் வோல்ட் உயர்த்திப் பலகை தேவை. தவறானதை வாங்கினால் விளக்கு சீக்கிரமே மங்கிவிடும். அன்று வந்த வண்டு பொறிக்குப் போகாமல் குருத்துக்கே போகும்.

வேலை செய்யும் விதம்

கிணற்று நீரை அதிக உயரத்துக்கு ஏற்றினால் கிடைக்கும் அளவு குறைவது போன்றதே இது. வோல்ட் உயரும்போது ஆம்பியர் குறையும். புதிதாக மின்சாரம் எதுவும் உண்டாவதில்லை. ஒரு பங்கு வெப்பமாக வீணாகும்.

கணக்கு

3 வாட் விளக்குக்கு, 80 சதவீதத் திறனில், செல்லிலிருந்து 3.75 வாட் எடுக்க வேண்டும். 3.7 வோல்ட்டில் இது சுமார் 1 ஆம்பியர். செல் 3 வோல்ட்டுக்கு இறங்கும்போது 1.25 ஆம்பியர் ஆகும். எனவே குறைந்த வோல்ட்டில் வரும் இந்த அளவைத் தாங்கும் பலகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

2,500 மில்லி ஆம்பியர் மணி செல் ஒன்றில் சுமார் 9 வாட் மணி மின்சாரம் உள்ளது. அது இவ்விளக்கை இரண்டரை மணி நேரமே எரிக்கும். மாலை 7 முதல் 10 வரை எரிய வேண்டுமானால், ஒரே வகையான, ஒரே அளவு சார்ஜ் உள்ள இரண்டு செல்களைப் பக்க இணைப்பில், பாதுகாப்புப் பலகையுடன் சேர்க்க வேண்டும். இரவு முழுவதும் எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் மிகுதியாகச் சாகும்.

எதை வாங்குவது?

'எம்.டி. 3608' சில்லு உள்ள பலகை 2 வோல்ட்டிலிருந்தே இயங்கும். எனவே ஒற்றைச் செல்லுக்கு ஏற்றது. 'எக்ஸ்.எல். 6009' சில்லுக்குக் குறைந்தது 5 வோல்ட் வேண்டும். ஒற்றைச் செல்லுக்கு அது உதவாது. சில்லுக்குக் குறிப்பிடப்படும் ஆம்பியர் அதன் உள்சுவிட்ச் தாங்கும் அளவு. விளக்குக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு என்பதை மறக்கக்கூடாது.

பொருத்தும் முறை

முதலில் விளக்கை இணைக்காமல், மல்டிமீட்டர் வைத்துத் திருகைத் திருப்பி 12 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே விளக்கை இணைக்கலாம். பலகையை நிறுத்தினாலும் செல்லின் மின்சாரம் அதன் வழியே விளக்குப் பக்கம் கசியும். ஆகவே சுவிட்சும் ஃபியூசும் செல்லின் பக்கமே இருக்க வேண்டும். கடல்காற்றின் உப்பு பற்றவைப்புகளை அரிக்கும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, கம்பி நுழையும் துளை கீழ்நோக்கி இருக்குமாறு கட்ட வேண்டும்.

உயர்த்தி இல்லாமலும் முடியும்

12 வோல்ட், 8 ஆம்பியர் மணி பேட்டரியுள்ள மருந்து தெளிப்பான் வைத்திருப்போருக்கு இந்தப் பலகையே தேவையில்லை. அந்த பேட்டரியில் 96 வாட் மணி உள்ளது. 3 வாட் விளக்கு மூன்று மணி நேரத்துக்கு எடுப்பது 9 வாட் மணி மட்டுமே. பேட்டரியை முழுவதும் காலியாக்காமல், சில நாட்களுக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும்.

பொறி மட்டும் போதாது. வண்டின் புழுக்கள் எருக்குழியில் வளர்கின்றன. குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிப்பதும், மெட்டாரைசியம் பச்சைப் பூஞ்சாணம் இடுவதும், கொண்டையிலுள்ள வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுப்பதும் சேர்ந்தால்தான் குருத்து தப்பும்.