ஷிராணி பண்டாரநாயக்க: ஒரு நீதியரசரின் பதினெட்டு ஆண்டுகள்

இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிபீடத்தில் முதல் பெண் நீதிபதியாக பிரெண்டா ஹேல் அமர்ந்தது 2004 ஆம் ஆண்டில். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1996 ஒக்டோபரில், இலங்கை உயர் நீதிமன்றம் தன் முதல் பெண் நீதியரசரைக் கண்டுவிட்டது. அவர் கலாநிதி ஷிராணி பண்டாரநாயக்க. அப்போது அவருக்கு வயது 38. 2017 இல் ஹேல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத் தலைவரானார். ஷிராணியோ 2011 மே மாதமே நம் பிரதம நீதியரசர் ஆகிவிட்டார்.

கண்டியில் சட்டத்தரணியாகத் தொழில் செய்யும் எனக்கு இந்த ஆண்டுக்கணக்கு பெருமை தருகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெருமைக்குப் பொருள் உண்டு.

கண்டிக்குப் பக்கத்துக் குருநாகலில் பிறந்தவர் ஷிராணி. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, தான் படித்த சட்ட பீடத்திலேயே கற்பித்து அதன் பீடாதிபதியானார். நீதிமன்றங்களில் வழக்காடிப் பழகாத ஒருவரை நேரே உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. நியமனத்துக்கு எதிராக வழக்குகளும் தாக்கலாகித் தள்ளுபடியாயின. பிரெண்டா ஹேலும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பதினெட்டு ஆண்டுகள் கற்பித்துவிட்டு வந்தவர்தான். வழக்குரைத்த அனுபவம் நீதிபதிக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. சட்டத்தை வேரோடு படித்தவரும் அந்த ஆசனத்துக்குத் தகுதியானவரே என்பதை இருவரும் காட்டினார்கள்.

ஷிராணியின் பெயரை நாடு முழுவதும் பேச வைத்தது 2012 இல் வந்த ‘திவிநெகும’ சட்டமூலம். தமிழில் அதற்கு ‘வாழ்வின் எழுச்சி’ என்று பெயர். சமுர்த்தி போன்ற அமைப்புகளை ஒரே திணைக்களத்தின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். மாகாண சபைக்குரிய விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் இயற்றுவதாயின், முதலில் ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம். அன்று வட மாகாணத்தில் தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை. ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதமாகாது என்று ஷிராணி தலைமையிலான நீதிபதிகள் முடிவு சொன்னார்கள். வாக்களிக்க ஒரு சபைகூட இல்லாதிருந்த மக்களுடைய உரிமையை நினைவில் வைத்த முடிவு அது.

சட்டமூலம் குறித்த விசாரணைகள் முடிந்தும் முடியாமலும் இருக்கையிலேயே, நவம்பர் முதலாம் திகதி அவருக்கு எதிரான குற்றப்பிரேரணை சபாநாயகரின் கைக்குப் போனது. கையொப்பமிட்டவர்கள் 117 உறுப்பினர்கள். சொத்து, வங்கிக் கணக்கு, பதவியைப் பயன்படுத்திய விதம் என 14 குற்றச்சாட்டுகள். அவர் அனைத்தையும் மறுத்தார்.

விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவில் ஆளும் தரப்பினர் 7 பேர், எதிர்த்தரப்பினர் 4 பேர். நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கூறி டிசம்பர் 6 ஆம் திகதி ஷிராணி தன் சட்டத்தரணிகளுடன் வெளியேறினார். பின்னர் எதிர்த்தரப்பினரும் விலகினார்கள். அவர்களில் இரா. சம்பந்தனும், எங்கள் கண்டி மாவட்டத்தின் அன்றைய உறுப்பினர் லக்ஷ்மன் கிரியெல்லவும் இருந்தார்கள். எஞ்சிய எழுவர் சாட்சிகளை அழைத்துக் கேட்டு, மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்று டிசம்பர் 8 ஆம் திகதி அறிக்கை கொடுத்துவிட்டார்கள்.

என்னிடம் கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் தாபரிப்பு வழக்குக்காகப் பெண்கள் வருவார்கள். “மிஸ், அந்த ஆள் சொல்றது எல்லாம் பொய். நான் எப்ப பேசுறது?” என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. “உங்க முறை வரும் அம்மா, அவர் சொன்னதை ஒவ்வொன்றாக நான் கேட்பேன்” என்று உறுதி சொல்வேன். நீதவான் நீதிமன்றத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவருக்குக் கிடைக்கும் குறுக்கு விசாரணை உரிமை, நாட்டின் பிரதம நீதியரசருக்குக் கிடைக்கவில்லை.

தெரிவுக்குழுவுக்கு இப்படித் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் 2013 ஜனவரியில் விளக்கம் சொன்னது. அதன்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை இரத்துச் செய்தது. பாராளுமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜனவரி 11 ஆம் திகதி 155க்கு 49 என்ற வாக்குகளில் பிரேரணை நிறைவேறியது. இரு நாட்களில் ஜனாதிபதி அவரைப் பதவி நீக்கினார்.

குற்றம் சாட்டுபவனே தீர்ப்புச் சொன்னால் என்னவாகும் என்பதைக் கண்டி மண் அறியும். 1814 இல் கண்டி அரசனின் பிரதானியான எஹெலபொல ஆங்கிலேயர் பக்கம் போன கோபத்தில், அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் அரசன் இந்த நகரத்தில் கொல்வித்தான். அவன் ஆணைக்கு மேல் கேட்க வேறொரு மன்றம் இல்லை. அடுத்த ஆண்டு இராச்சியமே ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இங்கிலாந்திலோ 2019 செப்டெம்பரில் ஹேல் தலைமையிலான 11 நீதிபதிகள், பாராளுமன்றத்தை ஒத்திவைத்த பிரதமர் போரிஸ் ஜோன்சனின் செயல் சட்டவிரோதம் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பிரதமர் அதிருப்தி தெரிவித்தார். ஆயினும் ஹேல் 2020 இல் உரிய வயதில்தான் ஓய்வு பெற்றார். அங்கும் நீதிபதியை நீக்கும் அதிகாரம் பாராளுமன்றத்திடமே உள்ளது. 1701 முதல் இருந்துவரும் அந்த ஏற்பாட்டின் கீழ் நீக்கப்பட்டவர் ஒருவரே: அயர்லாந்து நீதிபதி ஜோனா பாரிங்டன், 1830 இல். இந்தியாவிலோ 1968 ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு நீதிபதிகளும் ஒரு சட்ட அறிஞரும் முதலில் விசாரிக்க வேண்டும். அவர்கள் குற்றம் உண்டு என்றால்தான் பாராளுமன்றம் வாக்களிக்கலாம்.

இலங்கையில் ஆட்சி மாறியதும், 2015 ஜனவரி 28 ஆம் திகதி ஷிராணி மீண்டும் பிரதம நீதியரசராக ஆசனத்தில் அமர்ந்தார். அவருடைய நீக்கம் சட்டப்படி செல்லாது என்று புதிய அரசு அறிவித்திருந்தது. மறுநாளே அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் கே. ஸ்ரீபவன் பதவியேற்றார். உயர் நீதிமன்ற நீதியரசர்களின் ஓய்வு வயது 65. குறுக்கீடு நேராதிருந்தால் ஷிராணி 2023 வரை பணியாற்றியிருக்கலாம். நாட்டின் இரண்டாவது பெண் பிரதம நீதியரசராக முர்து பெர்னாண்டோ பதவியேற்க 2024 டிசம்பர் வரை காத்திருந்தோம்.

நீதிபதிகள் கேள்விக்கு அப்பாற்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தவறு செய்தால் அவர்களையும் விசாரிக்கத்தான் வேண்டும். அந்த விசாரணையைக் கட்சி சாராத ஒரு குழு, சட்டம் வகுத்த முறைப்படி, சாட்சியை எதிர்கொள்ள இடம் கொடுத்து நடத்த வேண்டும். அதற்கான சட்டத்தைக் கொண்டுவருமாறு உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். மேலே இருப்பவருக்கு நியாயமான விசாரணை உறுதியில்லாத நாட்டில், கீழே நிற்கும் நமக்கும் அது உறுதியில்லை.