உங்களுக்குத் தெரியுமா? கல்லா, எலும்பா?

கோடை லீவு முழுக்கத் தேடினாலும் தியாகதுருகம் மலைப்பாறையில் ஆதிமனிதனின் எலும்பு அகப்படாது. அது இருக்கும் கல்வராயன் மலை வட்டாரப் பாறைகளுக்கு வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். எலும்புள்ள உயிர் எதுவும் அப்போது பிறக்கவே இல்லை. போதாக்குறைக்கு, அவை பூமிக்குள் வெந்து உருமாறிய பாறைகள். புதைபடிவம் வேண்டுமென்றால் ஆற்று வண்டலையோ சுண்ணாம்பையோ தேடித்தான் போக வேண்டும்.

●

2001-இல் புதுச்சேரிக்கு அருகே, ஓடை என்ற இடத்தில், செம்பாறைக்குள் சிக்கிக் கிடந்த ஒரு குழந்தையின் மண்டையோட்டைக் கேரளத்து ஆய்வாளர் பி. ராஜேந்திரன் கண்டெடுத்தார். வயது சுமார் 1,66,000 ஆண்டு என்று கணித்தார்கள். ஒப்புக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு, சண்டை தீரவில்லை. அன்றைக்கு ஓடைக்கும் தியாகதுருகத்துக்கும் ஒரே மாவட்டம், விழுப்புரம். தியாகதுருகம் இப்போதிருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தது 2019-இல்தானே!

●

1863 மே 30. கத்திரி அப்போதுதான் கழிந்திருக்கும். பல்லாவரத்துச் சரளைக் குழியில் நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு தொடங்கியது அந்த ஒற்றைக் கல்லில்.

●

அதே ஆண்டு அவர் கண்ட இன்னொரு இடம், திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். பின்னாளில் அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டிய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் தெரிந்தது. கட்டம் கட்டமாகக் கயிறு கட்டி, கரண்டியால் சுரண்டி, மண்ணைச் சல்லடையில் சலித்து எடுத்தவை. கருவிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. செய்தவனின் எலும்பு ஒன்றுகூட இல்லை. சில விலங்குப் பற்கள் மட்டும் மிஞ்சின.

●

கையில் இருப்பது கல்லா எலும்பா? களத்தில் பழகியவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்கள். எலும்பின் நுண்துளைகள் எச்சிலை உறிஞ்ச, அது நாக்கில் பச்சென்று ஒட்டும். கல் பெரும்பாலும் ஒட்டாது. (ஆடு மாடு மேயும் இடத்தில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.)

●

1924-இல் தென்னாப்பிரிக்காவில் ஜோசபின் சாமன்ஸ் என்ற மருத்துவ மாணவி, தெரிந்தவர் வீட்டுக்குப் போனபோது அலங்காரமாக வைத்திருந்த ஒரு குரங்கு மண்டையோட்டைப் பார்த்தார். சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்த புதைபடிவம் அது. பேராசிரியர் ரேமண்ட் டார்ட்டிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் ஆசை மூண்டு குவாரியிலிருந்து மேலும் கற்களை வரவழைத்தார். அப்படி வந்த பெட்டியில்தான் இருந்தது, மனித மூதாதை இனத்தைச் சேர்ந்த, உலகப் புகழ்பெற்ற ‘டாங் குழந்தை’யின் முகம்.