கல் கிடைக்காதவர்கள்: வேலூர் மகால்களும் அவற்றின் பேய்களும்

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் மகால்களில் பேய் உண்டு என்று நான் முதலில் கேட்டது என் ஆயாவிடம். 'ராவுல திப்பு மகால் பக்கம் போவாதடா, பேகம் கொலுசு கட்டிகினு நடக்கறா' என்பார். கொலுசுச் சத்தத்துக்குப் பிறகு ஓர் அழுகை வரும். பிறகு விரிஞ்சிபுரம் வரைக்கும் போகிற சுரங்கம், அகழியில் முதலை. கதை எப்போதும் இந்த வரிசையில்தான் நடக்கும். இதன் மெய் பொய் இங்கே பிரச்சினையில்லை. ஓர் ஊர் தன்னிடத்தில் செத்தவர்களில் யாரைப் பேயாக்குகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதே என் கேள்வி.

முதலில் மாளிகை. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியின் கீழிருந்த நாயக்கர்கள் எழுப்பிய கருங்கல் கோட்டை இது. பீஜப்பூர், மராட்டியர், ஆற்காடு நவாப் என்று கைமாறிக் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் கொல்லப்பட்ட பின் அவர் பிள்ளைகளையும் குடும்பத்துப் பெண்களையும் கம்பெனி இங்கேதான் கொண்டுவந்து வைத்தது. 1815இல் பிடிபட்ட கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனும் 1816இல் இங்கே அனுப்பப்பட்டு, 1832இல் கைதியாகவே இறந்தார். ஹைதர் மகால், திப்பு மகால், பேகம் மகால், கண்டி மகால், பாதுஷா மகால் என்று வரிசையாகச் சொல்லும்போது அரண்மனைகளின் பட்டியலாகக் கேட்கிறது. வாசித்துப் பார்த்தால் அது சிறைகளின் பட்டியல். 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு' என்று ஊரார் கேலியாகச் சொல்வதுண்டு. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். ராஜாவின் காலி இடத்தில் மட்டும் பேய் குடியிருக்கிறது.

பேய் வீட்டின் அச்சம் எங்கிருந்து வருகிறது? 1919இல் எழுதிய ஒரு கட்டுரையில் பிராய்ட் ஒரு ஜெர்மன் சொல்லைத் துருவுகிறார். 'வீட்டுக்குரியது' என்று தொடங்கும் அந்தச் சொல், 'வெளியாருக்கு மறைக்கப்பட்டது' என்று நகர்ந்து, கடைசியில் தன் எதிர்ச்சொல்லான 'அச்சமூட்டுவது' என்பதோடு ஒன்றாகிவிடுகிறது. அதாவது நம்மை அச்சுறுத்துவது அந்நியமானது அல்ல. நாமே மறைத்து வைத்த பழக்கமான ஒன்று திரும்பி வருவதே. தமிழில் 'வீடு' என்ற சொல்லே இந்த வேலையைச் செய்கிறது. குடியிருக்கும் இடமும் வீடுதான், விடுதலையும் வீடுதான். வீடு கிடைக்காதவர் வீட்டிலேயே தங்கிவிடுகிறார். பேய்க்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் அந்த மகாலில் மறைக்கப்பட்டது எது? 1805இன் கடைசியில் சென்னைப் படைக்குப் புதிய தலைப்பாகை அறிவிக்கப்பட்டது. அதில் தோலால் செய்த ஒரு சின்னம் இருந்தது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளும் சேர்ந்துகொண்டன. 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். 14 அதிகாரிகளும் 69ஆவது படைப்பிரிவின் 115 பேரும் கொல்லப்பட்டனர். திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லெஸ்பி சில மணி நேரத்தில் வந்துசேர்ந்தார். மாளிகைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்கள் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளப்பட்டார்கள். நூறு பேருக்கு மேல். அன்று கில்லெஸ்பியோடு வந்த பொறியாளர் ஜான் பிளாகிஸ்டன் இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்.

பிறகு முறைப்படி விசாரணை நடந்தது. பீரங்கி வாயில் கட்டிக் கொல்லப்பட்டவர்கள் 6 பேர், தூக்கிலிடப்பட்டவர்கள் 8 பேர் என்று கணக்கு இருக்கிறது. சுவரோரம் விழுந்தவர்களுக்கு விசாரணை கிடையாது. அதனால் கணக்கும் 'நூறுக்கு மேல்' என்பதோடு நின்றுவிட்டது. செத்துப்போன கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி, பிள்ளைகளோடு ஒளிந்து தப்பிய அந்த இரவைப் பற்றித் தம் கையாலேயே எழுதினார். பேகங்களுக்கு ஊரில் கல்லறைகள் உண்டு.

ஆக, பேகம் நடக்கிறாள் என்று ஆயா சொன்ன அதே மாளிகையிலிருந்துதான் நூறு பேர் இழுத்து வரப்பட்டார்கள். ஆனால் ஆயாவின் கதையாடலில் அவர்கள் ஒரு சத்தமாகக்கூட வரவில்லை. ஏன்?

இந்த மண்ணில் செத்தவனுக்குக் கல் நடும் வழக்கம் இருந்தது. பழைய வடஆற்காட்டுப் பகுதி நடுகற்களுக்குப் பெயர் போனது. ஆம்பூரிலேயே, பல்லவன் நிருபதுங்கன் காலத்து 9ஆம் நூற்றாண்டு நடுகற்கள் இரண்டு கிடைத்திருக்கின்றன. நுளம்பன் படை மாடு பிடிக்க வந்தபோது எதிர்த்து மடிந்தவர்களின் பெயரை அவை சொல்கின்றன. அரசனின் ஆட்சியாண்டு, சாவின் காரணம், செத்தவன் பெயர்: இந்த மூன்றும் கல்லில் ஏறிவிட்டால் அவன் கும்பிடத்தக்கவன். ஏறாவிட்டால்? கல் கிடைக்காதவன் பேயாகிறான் என்று சொல்லிவிடத் தோன்றும். சிப்பாய்கள் இந்தச் சமன்பாட்டை உடைக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பேய்க்கதையும் இல்லை. பட்டாளத்துக்காகப் பல சீமைகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். 'எங்க அண்ணன் அங்கதான் செத்தான்' என்று சொல்ல வேலூரில் ஆள் இல்லை. பேயாவதற்கும் ஊரில் உறவு வேண்டும், அல்லது பேகம் என்ற அந்தஸ்து வேண்டும். பின்னாளில் ஊரில் நினைவுத்தூண் வந்தது, 2006இல் தபால்தலையும் வந்தது. அவை நிகழ்ச்சியை நினைக்கின்றன. ஆட்களை நினைக்க அவற்றால் ஆவதில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டிருப்பேன். சிப்பாய்களின் தலையில் ஏறிய அந்தத் தோல்தான் என்னை ஆம்பூருக்கு இழுத்தது. அங்கே ஒரு டேனரியில் என் பெரியப்பா மகன் ராக்காவல் பார்த்தார். அவரிடமும் ஒரு பேய்க்கதை இருந்தது. 'கழிவுத் தொட்டிக்குள்ளேர்ந்து யாரோ பேர் சொல்லிக் கூப்புடுவாங்க. கூப்புட்டா எறங்கக் கூடாது. எறங்குனவன் ஏறி வந்ததில்ல.' அப்போது சிரித்தேன். பிறகுதான் புரிந்தது. தோலில் முடி நீக்கச் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு கலந்தாலும், சேறு மூடிக் கிடந்து அழுகினாலும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். பேர் சொல்லிக் கூப்பிடும் பேய் என்பது, விழுந்தவன் கடைசியாகக் கூப்பிட்ட குரல். தொழிலாளிகள் அதை ஒரு பாதுகாப்பு விதியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அதே கதை முதலாளியையும் காப்பாற்றுகிறது. 'பேய் அடிச்சிடுச்சி' என்றால் காற்றை அளக்கும் கருவி ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில், தோல் கழிவுகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் படுத்துத் தூங்கிய 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைப் பற்றிப் பேய்க்கதை ஒன்று உண்டா என்று விசாரித்துப் பார்த்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுபடியும் ஒரு சுவர், மறுபடியும் வெளியூர்க்காரர்கள்.

இப்போது பேத்திக்குக் கோட்டைக் கதை சொல்லும்போது, கொலுசுக்குப் பிறகு அந்தச் சுவரையும் சேர்த்துச் சொல்கிறேன். 'எத்தனை பேர் தாத்தா?' என்றாள். நூறுக்கு மேல் என்றேன். 'அவங்க பேர் என்ன?' என்றாள்.