கேட்காமல் விட்ட கேள்வி

2004 டிசம்பர் 26 காலை, கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரத்தின் உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த எம்.ஜி.ஆர். திட்டும் சின்னவாய்க்காலும் பில்லுமேடும் சுனாமியை நேருக்கு நேர் வாங்கின. சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே 18 குப்பங்களை ஒப்பிட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், காடு எவ்வளவு பரப்பு என்று அளந்து எழுதினார்கள். காடு காத்த கதை உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

மனிதர்களைப் பற்றியும் ஒரு கணக்கு வந்தது. கடலூரில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்டது. அந்த இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும்தான் ஏன் என்ற கேள்வி பிறந்தது. ஆண்கள் படகில் கடலுக்குள் இருந்தார்கள். பெண்கள் மீனை வாங்கக் கரையில் காத்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளை, உடம்பில் சேலை, நீச்சல் பழக்கமில்லை.

அதே பட்டியலில் நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர்? அலையின் இரைச்சல் காதில் விழாதவர்கள்? அந்தப் பிரிப்பு இல்லை. இலங்கையில் காலிக்கு அருகே சம்போதி இல்லத்தில் தங்கியிருந்த 102 மாற்றுத் திறனாளிகளில் 41 பேரே பிழைத்தார்கள். அங்கே அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் எண்ண முடிந்தது. நம் குப்பங்களில் அவரவர் வீட்டில் இருந்தார்கள். 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது, மாற்றுத் திறனாளி அடையாள அட்டைப் பதிவுகளோடு இறப்புகளை ஒப்பிட்டு, மாற்றுத் திறனாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று சொல்ல முடிந்தது. பதிவு இருந்த இடத்தில் விடை கிடைத்தது.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத் திறன் பற்றிய கேள்வியே வந்து வந்து போயிருக்கிறது. வெள்ளையர் காலக் கணக்கெடுப்புகள் பார்வையின்மை, காது கேளாமை, மனநோய், தொழுநோய் எனக் குறித்தன. 1941இல் அது நின்றது. 1981இல் தலைகாட்டி, 1991இல் மறைந்து, 2001இல் திரும்பியது. தமிழ்நாட்டில் அப்போது மாற்றுத் திறனாளிகள் 16.42 லட்சம் பேர். 2011இல் 11.79 லட்சம். பத்தாண்டில் நாலரை லட்சம் பேர் குணமாகிவிடவில்லை. பார்வைக் குறைபாட்டுக் கணக்கு 9.64 லட்சத்திலிருந்து 1.27 லட்சமாகச் சுருங்கியிருந்தது. வரையறையை மாற்றினால் மனிதர்கள் எண்ணிலிருந்து காணாமல் போகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று நிலைமை நிச்சயமாக மேம்பட்டிருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 7 குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை மருத்துவர் வருகிறார். உலக வங்கி உதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தில் மாற்றுத் திறனாளிகளை வீடு வீடாகத் தேடிப் பதிகிறார்கள். இது பெரிய வேலை, பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால் உதவித்தொகைக்காகத் தலையை எண்ணுவது வேறு, உடல்நலப் பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் அந்த விவரம் இருப்பது வேறு. தேசிய குடும்பநல ஆய்வு தன் ஐந்தாவது சுற்றில்தான் மாற்றுத் திறனைப் பற்றிக் கேட்டது. ஆறாவது சுற்றில் எடுத்துவிட்டார்கள். அதனால் காது கேளாத தாய்க்குப் பேறுகாலப் பரிசோதனை மற்றவர்களைவிடக் குறைவாகக் கிடைக்கிறதா என்று ஆறாவது சுற்றிலிருந்து அறிய வழியில்லை. மாற்றுத் திறனாளிகள் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாக இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. இந்தக் கரையில் அந்த இடைவெளி எவ்வளவு?

மாற்றுத் திறனாளிச் சான்றிதழ் இருப்பவரை மட்டும் எண்ணினாலும் போதாது. பிச்சாவரத்து இருளர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். முழங்கால் மடங்காதவருக்கும் விரல் மரத்தவருக்கும் அந்தப் பிழைப்பு போய்விடும்; சலுகைகளுக்குச் சான்றிதழில் தேவைப்படும் 40 சதவீதக் குறைபாட்டை அவர் எட்டாமலும் போகலாம். பார்க்க, கேட்க, நடக்க, நினைவு வைக்க, குளித்து உடுத்த, பேசிப் புரியவைக்கச் சிரமமா, எவ்வளவு சிரமம் என்ற ஆறு கேள்விகளை மாற்றுத் திறன் புள்ளிவிவரத்துக்கான வாஷிங்டன் குழு உருவாக்கியது; அவற்றை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். வாசலுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் இந்த ஆறையும் கேட்டு, அதே பதிவில் ஏற்றச் சில நிமிடங்கள் ஆகும்.