மார்பக புற்றுநோய் பரவ 'கொலஸ்ட்ரால் மரபணு' உடந்தை!

நியூயார்க்: மார்பகத்தில் வரும் புற்றுநோய் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்து விடலாம். அது நுரையீரல், எலும்பு, மூளை என்று பரவி விட்டால்தான் உயிருக்கே ஆபத்து.

ஒரே மாதிரி கட்டி, ஒரே சிகிச்சை. ஆனாலும் ஒரு பெண் 20 வருஷம் நன்றாக இருக்கிறார், இன்னொருவருக்கு நோய் திரும்பி வந்து விடுகிறது. ஏன் இப்படி?

கட்டியில் உள்ள செல்கள் மாறிப் போவதுதான் காரணம் என்று ரொம்ப காலமாக சொல்லி வந்தார்கள். பெற்றோரிடம் இருந்து பிறவியிலேயே வந்த மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறது அமெரிக்காவின் ராக்பெல்லர் பல்கலைக்கழக ஆய்வு. சோகைல் தவாசோயி தலைமையிலான குழு நடத்திய இந்த ஆய்வு 2024 டிசம்பரில் 'செல்' இதழில் வெளியானது.

மரபணு என்றதும் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி ஞாபகம் வரலாம். 2013ல் அவர் மார்பகங்களை அகற்றிக் கொண்டதற்கு காரணம் பிஆர்சிஏ1 மரபணு கோளாறு. அது புற்றுநோய் வரும் வாய்ப்பை கூட்டுவது. இது, வந்த புற்றுநோயை ஊர் சுற்ற விடுவது. ரெண்டும் வேற வேற.

மாட்டியிருப்பது பிசிஎஸ்கே9. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி விடுவதில் ஏற்கனவே பெயர் எடுத்த ஆசாமி! ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்தில் இதில் இரண்டு ரகம் உண்டு. வெள்ளைக்கார பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு இருப்பது ஆபத்தான ரகம்.

ஸ்வீடன் நாட்டு நோயாளிகளை பார்த்ததில், அந்த ரகம் உள்ளவர்களுக்கு 15 வருஷத்தில் நோய் பரவும் வாய்ப்பு 22 சதவீதம். மற்றவர்களுக்கு வெறும் 2 சதவீதம்.

புற்றுநோய் செல்லின் மேல் எல்ஆர்பி1 என்று ஒரு புரதம் இருக்கிறது. பரவலை தூண்டும் மரபணுக்களை அடக்கி வைப்பது இதுதான், பிரேக் மாதிரி. பிசிஎஸ்கே9 அந்த பிரேக்கை பிடுங்கி விடுகிறது.

பிசிஎஸ்கே9ஐ அடக்கும் ஊசி மருந்து கொலஸ்ட்ராலுக்காக 2015லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்று விட்டது. எலிகளுக்கு அந்த வகை மருந்தை கொடுத்தபோது புற்றுநோய் பரவுவது குறைந்தது. எலிக்குத்தான். அதனால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம், நடக்கும் சிகிச்சையை பாதியில் விடவும் வேண்டாம்.

22 சதவீதம் என்பதும் ஸ்வீடன் பெண்களின் கணக்கு. அதை அப்படியே நம்ம ஊருக்கு பொருத்திப் பார்த்து பயந்து விடாதீர்கள்.