மீன்தொட்டி விளக்கை மாற்றும்போது

சில மாதங்களுக்கு முன், ஒரகடம் பகுதி ஆலை ஒன்றில் சுழற்பணி பார்க்கும் அன்பர் ஒருவர் வலக்கை ஆள்காட்டி விரலில் ஆறாத புண்ணோடு எங்களிடம் வந்தார். நீரிழிவு உள்ளவர். வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை இருமுறை உட்கொண்டும் பயனில்லை. மாறாக, முன்கை வரை வரிசையாகச் சிறு கட்டிகள் எழுந்திருந்தன. உலோகத் தூள் பட்டதா, முள் குத்தியதா என்றெல்லாம் கேட்டோம். வீட்டில் மீன் வளர்க்கிறீர்களா என்று கேட்கத் தோன்றியது சற்றுத் தாமதமாகத்தான்.

அவர் சொன்ன கதை விளக்கிலிருந்து தொடங்கியது. தொட்டியின் மேல்மூடியில் பல ஆண்டுகளாக எரிந்த குழல்விளக்கு மங்கிவிட்டதால், கொளத்தூருக்கு மீன் வாங்கச் சென்றபோது எல்.இ.டி. விளக்கு ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார். பணிக்குக் கிளம்பும்போது போட்டால் திரும்பி வந்த பின்தான் அணைப்பார். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம். ஒரு மாதத்தில் கண்ணாடியெங்கும் பச்சைப் பாசி. வாரந்தோறும் வெறுங்கையால் சுரண்டிக் கழுவியிருக்கிறார். மேல்மூடியின் விளிம்பு கிழித்த விரலோடும் ஒருநாள் கழுவியிருக்கிறார்.

இதில் விளக்கின் மீது குற்றமில்லை. குழல்விளக்கு சிறிது சிறிதாக ஒளி குன்றும். நம் கண் அதற்குப் பழகிவிடும். அவ்விடத்தில் புதிய எல்.இ.டி.யை முழு ஒளியில் வைத்தால், மீன் கழிவாலும் மிஞ்சிய தீனியாலும் சத்தேறிய நீரில் பாசி பெருகத்தான் செய்யும். முதல் சில வாரங்கள் நாளுக்கு ஆறு மணி நேரம் போதும். பிறகும் எட்டைத் தாண்ட வேண்டாம். மலிவான டைமர் ஒன்று இதைப் பார்த்துக்கொள்ளும்.

அவர் விரலில் புகுந்திருந்தது ‘மைக்கோபாக்டீரியம் மரினம்’ என்னும் கிருமி. காசநோய்க் கிருமிக்கு உறவு. ஆனால் உடலின் உள்வெப்பத்தைவிடக் குளிர்ந்த 30 டிகிரி அளவையே விரும்பும். ஆகவே பெரும்பாலும் கைகளிலேயே தங்கிவிடும். ஆய்வகத்தில் வழக்கம்போல 37 டிகிரியில் வளர்க்க முயன்றால் அது வளராமலே போகலாம். ‘மீன்தொட்டி’ என்ற ஒரு சொல்லை நீங்கள் மருத்துவரிடம் சொன்னால்தான் ஆய்வகமும் அதற்கேற்பத் தேடும். அறிகுறி தோன்றவே பல வாரங்கள் ஆவதால், நோயாளிக்கு அந்தக் கீறல் நினைவிலேயே இருப்பதில்லை. இவருக்குப் பல மாத மருந்துக்குப் பின் புண் ஆறியது. நீரிழிவு உள்ளவர்கள் கையுறையின்றித் தொட்டியில் கைவிடக் கூடாது. புற்றுநோய் மருந்து பெறுவோரும், சிறுநீரக மாற்று செய்துகொண்டோரும் கழுவும் வேலையையே வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுவது நலம்.

எல்.இ.டி.க்கு மாறுவதை நாங்கள் வரவேற்கவே செய்கிறோம். 36 வாட் குழல்விளக்கு தரும் ஒளியை ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் அது தருகிறது. அதில் பாதரசமும் இல்லை. மினமாட்டா உடன்படிக்கையை 2018-இல் இந்தியா ஏற்றது. அதன் உறுப்பு நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, நீள்குழல் விளக்குகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2027-க்குள் முடித்துக்கொள்ள முடிவு செய்தன. ஆக, இன்றில்லாவிட்டாலும் நாளை மாற்றத்தான் வேண்டியிருக்கும். கழற்றிய குழலை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் முழுதாகக் கொடுங்கள். கை தவறி உடைந்தால் சன்னல்களைத் திறந்து, குழந்தைகளோடு கால் மணி நேரம் வெளியே நில்லுங்கள். பிறகு துண்டுகளைக் கெட்டி அட்டையால் வாரி, மூடியுள்ள பாட்டிலில் இடுங்கள். துடைப்பம் போட்டுப் பெருக்க வேண்டாம், பாதரசம் பரவும்.

பழைய பட்டியிலேயே எல்.இ.டி. குழலைச் செருகுவோர், சோக், ஸ்டார்ட்டர் ஆகியவற்றை என்ன செய்வதென மின்பணியாளரைக் கேட்டே செய்ய வேண்டும். தண்ணீரில் கைவைக்குமுன் மோட்டார், விளக்கு இரண்டின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். நோயாளியின் படுக்கையறையில் தொட்டி இருந்தால், உறங்கும் நேரத்திற்கு ஓரிரு மணி முன்பே விளக்கை அணையுங்கள். நீல ஒளி மிகுந்த வெண்விளக்கு உறக்கத்தைத் தள்ளிப்போடும். இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குவோருக்கும் இது பொருந்தும்.

மீன்களை யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று அந்த அன்பர் கேட்டார். வேண்டாம் என்றோம். இப்போது அவர் வீட்டில் விளக்கு மாலை நான்கு முதல் இரவு பத்து வரை எரிகிறது. தொட்டியை அவருடைய தம்பி, முழங்கை வரை கையுறை அணிந்து கழுவுகிறார்.